"எப்ப சார் விடுவாங்க?" – கூர்நோக்கு இல்ல வேலை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களில் என் 29 வருஷ வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். நன்னடத்தை அலுவலராகப் பாதிக்காலம், கண்காணிப்பாளராக மீதிக்காலம். நிறையக் கடிதங்கள் வந்தன. சில கடிதங்களை இரண்டு மூன்று முறை படித்தேன். முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யார் பெயரும் ஊரும் வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன், காரணம் நடுவில் ஒரு பதிலில் வரும்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன், வயது 25. கூர்நோக்கு இல்லத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை கிடைத்திருக்கிறது. "ரவுடிப் பசங்களோட உனக்கு என்னடா வேலை" என்று அம்மா அழுகிறார். சேரலாமா?

சேருங்கள் தம்பி. ஆனால் எந்த மாதிரி இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள், அம்மாவுக்கும் அதைச் சொல்லுங்கள்.

ஊரில் எல்லோரும் 'சீர்திருத்தப் பள்ளி' என்கிறார்கள். அது பழைய பெயர். செங்கல்பட்டில் 1887-ல் ஆரம்பித்தபோது அப்படித்தான் பெயர். அப்புறம் 1920-ல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதல் முதலாக. இன்றைக்கு இரண்டு வகை இல்லம் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது பையனை வைத்திருப்பது கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து, தவறு செய்தான் என்று, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவு போட்ட பிறகு அனுப்புவது சிறப்பு இல்லம். நீங்கள் போவது முதல் வகை. அங்கே உங்கள் முன்னால் நிற்கும் பையன் செய்தானா இல்லையா என்று இன்னும் யாரும் முடிவு பண்ணவில்லை. செய்யவில்லை என்று வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேச வேண்டும், சட்டமும் அதையேதான் சொல்கிறது. முதல் வாரத்திலேயே சில சீனியர்கள் "இவன் செயின் பறிப்பு, அவன் கஞ்சா" என்று வழக்கைப் பெயர் மாதிரி சொல்லி உங்களுக்கு அறிமுகப்படுத்துவார்கள். நீங்கள் பையனின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரியைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குக் குழுமத்திலிருந்து கூட்டி வருவார்கள். காலையிலிருந்து ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, குழுமம் என்று அலைந்திருப்பான். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டான், போட்டிருக்கும் சட்டைதான் அவனுடைய மொத்தத் துணி. ரிஜிஸ்டரில் எழுதும்போது முறைத்துக்கொண்டு நிற்பான். அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள், பயத்தில் பாதிப் பையன்களுக்கு முகம் அப்படித்தான் போகும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பான். 29 வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத பையனை நான் பார்த்ததில்லை. "எப்ப சார் விடுவாங்க?"

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இங்கேதான். பாவமாக இருக்கும், உடனே "சீக்கிரம் விட்டுடுவாங்கப்பா" என்று சொல்லிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் 15 வயதுப் பையன் ஒருவனிடம் "திங்கக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். திங்கட்கிழமை அவன் அம்மா வரவில்லை, செங்கல் சூளையில் வேலை, தகவலே போய்ச் சேரவில்லை என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டைனிங் ஹால் ஜன்னல் கண்ணாடியில் கையை ஓங்கிக் குத்தினான், ஏழு தையல். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான், "சொன்னீங்கள்ல சார்."

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வாய்தா எந்தத் தேதி, வீட்டுக்குத் தகவல் போய்விட்டதா, அந்தத் தேதிக்கு முன்னால் நான் என்ன செய்யப்போகிறேன், இவ்வளவுதான். சொன்னதைச் செய்துவிட்டு அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டாலும் போய், "உங்க மாமாவுக்கு போன் பண்ணேன், எடுக்கல, சாயங்காலம் திரும்பப் பண்றேன்" என்று சொல்ல வேண்டும். இல்லத்தில் நடக்கும் கலாட்டாவில் பெரும்பகுதி, கைகலப்பு, கையை அறுத்துக்கொள்வது, சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வது, எல்லாம் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாததால் வருவது. நாம் தேதி கொடுத்துவிட்டால் அவன் நாளை எண்ண ஆரம்பிப்பான். எண்ணுகிற பையன் தூங்குவான்.

அடுத்தது, சமூக விசாரணை அறிக்கை. பையனின் வீடு, குடும்பம், சூழ்நிலை பற்றி நன்னடத்தை அலுவலர் குழுமத்துக்கு எழுதிக் கொடுப்பது. பையனை முதலில் குழுமத்தில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளில் கொடுக்க வேண்டும். இதில்தான் நல்ல அலுவலர் யார், மற்றவர் யார் என்று தெரியும். மேசையிலேயே உட்கார்ந்து "தந்தை மது அருந்துபவர், குடும்பம் வறுமையில் உள்ளது, கூடா நட்பு" என்று நாற்பது பையன்களுக்கு ஒரே பத்தியை எழுதினவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போங்கள். பஸ் காசு கைக்காசாகத்தான் இருக்கும், அலைச்சல்தான், ஆனாலும் போங்கள். ஒருமுறை அப்படிப் போனபோது அடுத்த தெருவிலேயே பையனின் சித்தப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார், "என்கிட்ட விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். போலீஸ் காகிதத்தில் அப்படி ஒருவர் இருப்பதே இல்லை. அறிக்கையில் அந்த ஒரு வரி இருந்ததால் அடுத்த வாய்தாவில் பையன் வெளியே போனான். நான் போகாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் உள்ளே இருந்திருப்பான்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்க மாட்டேன். தொகுப்பூதியம், வேலைக்கேற்ற பணம் இல்லை, நிரந்தரமும் இல்லை. இரண்டு வருஷம் பாருங்கள், மனசு ஒட்டவில்லை என்றால் வேறு வேலைக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனசு ஒட்டாமல் அங்கேயே கிடக்கிற அலுவலரால்தான் பையன்களுக்குக் கெடுதல்.

கேள்வி: முன்னாள் ராணுவத்தினன். ஓர் இல்லத்தில் காவல் பணியில் இருக்கிறேன். ராத்திரியில் அறுபது பையன்களுக்கு நாங்கள் மூன்றே பேர். கை வைக்கவே கூடாது என்கிறீர்கள், எங்கள் மேல் பாய்ந்தால் யார் பொறுப்பு? கொஞ்சம் பயம் இருந்தால்தானே அடங்குவார்கள்?

ஐயா, நீங்கள் கோபத்தில் எழுதினாலும் உண்மையை எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் நேராகவே சொல்கிறேன்.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இல்லத்தில் இருந்தபோது இறந்துபோனான். அவனை அடித்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள்தான் கைதானார்கள். அதற்கு அப்புறம்தான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டு இல்லங்களையெல்லாம் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடித்தவர்கள் காலையில் எழுந்து 'இன்னைக்கு ஒருத்தனைக் கொல்லப்போறேன்' என்று கிளம்பியிருப்பார்களா? கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள். கொஞ்சம் என்று நீங்கள் சொல்கிற அளவு ஒவ்வொரு வாரமும் ஏறும் ஐயா, முதல் அடிக்கு அடங்கினவன் மூன்றாவது அடிக்கு அடங்க மாட்டான், அப்புறம் உங்களுக்குத் தடி தேவைப்படும். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இல்லத்தில் வேலை பார்ப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். 82-ஆவது பிரிவு உடல் தண்டனைக்கென்றே இருக்கிறது, வேலையும் போகும்.

சரி, அடிக்காமல் எப்படி? சண்டை எங்கே, எப்போது வருகிறது என்று ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தேன். குளியலறை வரிசை, டிவி ரிமோட், முட்டை போடும் நாளில் சாப்பாட்டு வரிசை, அப்புறம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது. பகலில் வகுப்பு, கவுன்சிலிங், வாய்தா என்று போய்விடும், ஆறு மணிக்கு மேல் அலுவலர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கதவைப் பூட்டிவிடுவோம், அறுபது பையன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது எவன் எந்த ஏரியா, யார் கேஸில் யார் அப்ரூவர் ஆகப்போகிறான் என்ற பேச்சு எழும். நாங்கள் கேரம் போர்டு நாலு வாங்கிப் போட்டோம், இருட்டும்வரை வாலிபால், அதன்பின் நான் அவர்களோடு உட்கார்ந்து அதே சாதத்தைச் சாப்பிட்டேன். நான் சாப்பிட ஆரம்பித்த வாரத்திலேயே சாம்பார் கெட்டியானது, அது தனிக்கதை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். உங்கள் இல்லத்தில் பெரிய பையன் எவனாவது 'லீடர்' என்று இருக்கிறானா? சின்னப் பையன்களை அவனை வைத்து அடக்குகிறீர்களா? ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் இதுதான் நடக்கிறது. ராத்திரி அமைதியாக இருக்கும், ரிஜிஸ்டரில் ஒரு சம்பவமும் இருக்காது, விளக்கை அணைத்த பிறகு அந்த ஹாலில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான் பொறுப்பேற்ற ஓர் இல்லத்தில் அந்த வழக்கம் வேரோடிப் போயிருந்தது. நிறுத்தினேன். முதல் இரண்டு மாதம் முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது, கைகலப்பு இல்லாத நாளே இல்லை, ஊழியர்கள் என் மேல் எரிச்சலானார்கள். மூன்றாவது மாதம், சின்னப் பையன்கள் பகலில் தூங்கி வழிவது நின்றது. ஏன் பகலில் தூங்கினார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சண்டை வந்தேவிட்டால், இரண்டு பேராகப் போங்கள். பின்னாலிருந்து பிடித்து, தனித்தனி அறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் யாரும் ஒன்றும் கேட்காமல் விடுங்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது. பிறகு இரண்டு பையன்களையும் மருத்துவரிடம் காட்டி, நடந்ததை அப்படியே எழுதி, குழுமத்துக்குத் தெரிவியுங்கள். இப்படிப் பிடிப்பது கை வைப்பதில் சேராது. எழுதி வைத்தால் அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் நூறு பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு நான்கு ஹவுஸ் ஃபாதர் (பிள்ளைகளோடு கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்) என்று இருக்கிறது. மூன்று ஷிப்ட், வாரவிடுப்பு என்று கணக்குப் போட்டால் ஒரு நேரத்தில் நூறு பேருக்கு ஒருவர்தான் மிஞ்சுவார், அந்த நான்கு இடமும் நிரம்பியிருந்தால். இதை வாயால் புலம்பாதீர்கள், கண்காணிப்பாளர் வழியாக எழுத்தில் கொடுங்கள். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை வந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரும்போது எழுந்து நின்று சொல்லுங்கள்.

கேள்வி: இல்லத்திலிருந்து தப்பித்து ஓடிய பையன்கள் மேல் அதற்காகத் தனி வழக்கு வருமா?

வராது. தப்பியதற்காகக் குழந்தையின் மேல் கூடுதல் நடவடிக்கை கூடாது என்று அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. கண்டுபிடித்து, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வந்தவனை எல்லோர் முன்னாலும் மொட்டையடிப்பது, முட்டிபோட வைப்பது எல்லாம் குற்றம்.

கேள்வி: கொலையே செய்தாலும் மூன்று வருஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். செத்தவன் வீட்டில் நின்று உங்களால் இதை நியாயப்படுத்த முடியுமா?

முடியாது. அந்த வீட்டில் நின்று நான் எதையும் நியாயப்படுத்த மாட்டேன், வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உங்கள் கேள்வியில் கோபம் நியாயமானது, தகவல் மட்டும் பாதிதான் சரி.

சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம் என்பது உண்மை. ஆனால் டெல்லியில் 2012-ல் நடந்த அந்தக் கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு வந்த அந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 2016 ஜனவரி 15-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 16 வயது முடிந்தவன் ஏழு வருஷமோ அதற்கு மேலோ குறைந்தபட்ச தண்டனை உள்ள கொடுங்குற்றத்தைச் செய்ததாக வழக்கு இருந்தால், குழுமம் முதலில் அவன் மனநிலை, உடல்நிலை, செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்ததா என்று மதிப்பிடும். பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று தோன்றினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே தண்டனை கிடைத்தால் 21 வயது வரை சிறையில் இல்லாமல் 'பாதுகாப்பு இடம்' என்ற தனி இல்லத்தில் இருப்பான். 21 ஆனதும் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, இல்லையென்றால் மீதிக் காலத்துக்குச் சிறைக்குப் போவான். தூக்குத் தண்டனையும், விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

கொலை வழக்குப் பையன்கள் பலரோடு இருந்திருக்கிறேன். சிலர் என்னைப் பயமுறுத்தினார்கள், மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்கள், பெரியவன் ஒருவன் "நீ மைனர்டா, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று கையில் கத்தியைக் கொடுத்து அனுப்பிய பையன்கள். அந்தப் பெரியவன் எத்தனை வழக்கில் பிடிபட்டான் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்வேன்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை. இல்லத்திலிருந்து வந்த மாணவன் ஒன்பதாம் வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறான். மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லிவைப்பது என் கடமை இல்லையா?

இல்லை அம்மா. சொல்லாமல் இருப்பதுதான் கடமை. வழக்கில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையிலோ வேறு எந்த ஊடகத்திலோ வெளியிட்டால் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பக்கத்தில் நான் யார் பெயரும் போடாததற்குக் காரணம் அதுதான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒருவருக்குச் சொன்னால் ஊருக்கே போட்ட மாதிரி. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, இந்த வழக்கைக் காட்டிப் பின்னால் வேலையோ படிப்போ மறுக்கவும் முடியாது.

தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும். அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைக்காதீர்கள், முதல் பெஞ்சில் உங்கள் கண் முன்னாலும் வேண்டாம். முன்பு எங்கே உட்கார்ந்தானோ அங்கேயே.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. தெருச் சண்டையில் இன்னொரு பையனுக்குத் தலையில் காயம். இவன் இல்லத்தில் இருக்கிறான், இன்றோடு 12 நாள். ஜாமீனுக்கு 40 ஆயிரம் ஆகும் என்று ஒருவர் கேட்கிறார், தாலிச் செயினை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறேன், என்ன கொண்டுபோவது, என்ன பேசுவது?

அம்மா, முதலில், அந்தச் செயினைக் கழற்றாதீர்கள். வழக்கு எதுவாக இருந்தாலும் பையனை ஜாமீனில் விடுவதுதான் சட்டப்படி பொதுவான வழி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதிக்குக் கேடு என்று குழுமத்துக்குத் தோன்றினால்தான் மறுக்கலாம், காரணத்தையும் எழுத வேண்டும். வக்கீல் இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். 40 ஆயிரம் கேட்டவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது, உங்களைப் போன்ற தாய்மார்களை வாசலிலேயே பிடித்துக்கொள்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நாளைக்கே நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பாருங்கள், 15 நாள் ஆவதற்குள் அவர் அறிக்கை போய்விடும். மகனின் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை நடந்த தெருவிலேயே அவன் இருக்க மாட்டான், என் அண்ணன் வீட்டில் தங்கிப் படிப்பான் என்று சொல்ல முடிந்தால், அந்த அண்ணனையும் கூடவே கூட்டிப் போங்கள். பேச்சாகச் சொல்வதைவிட ஆளாக நிறுத்துவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு செட் துணி, சோப்பு, அவன் பாடப்புத்தகம். சாப்பாடு கொடுக்க விடுவார்களா என்பது இல்லத்துக்கு இல்லம் மாறும், வாசலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பார்க்கும் நேரம் குறைவாகத்தான் இருக்கும். "உன்னால மானம் போச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி வந்த பையன்களோடு ராத்திரி உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், தங்கச்சி பரீட்சை எழுதினாளா, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனாரா, அந்த மாதிரி. உடம்பில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது அடித்ததாகச் சொன்னால் அங்கே சத்தம் போடாமல், அடுத்த வாய்தாவில் குழுமத்தின் முன்னால் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள், அதற்கு வக்கீல் தேவையில்லை.

அவனும் உங்களிடம் கேட்பான், எப்போது விடுவார்கள் என்று. போவதற்கு முன்னால் குழுமத்தில் அடுத்த வாய்தா தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அன்றைக்கு அம்மா வருவேன் என்று கீழே எழுதி, அவன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு என்ன வேலை இருந்தாலும் போய்விடுங்கள்.